தங்கியது எத்தனை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்து நிற்கும் மார்கழி, தை நாட்களில் எங்கள் ஐயங்கார்குளம் ஏரியின் ஓரமாக, கோரை மண்டிய இடங்களில் சற்று நின்று பார்த்தால் தண்ணீரில் ஒரு செந்நிறத் திட்டு மெல்ல நகர்வது தெரியும். ஒரு முறத்தின் அகலம் இருக்கும். கிட்டப் போனால் அந்தத் திட்டு முழுக்கச் சின்னஞ்சிறு வாய்கள். மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு கீழே போகின்றன, அடுத்தவை வருகின்றன. விரால் குஞ்சுகள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, காற்றையும் நேராகக் குடிக்க வேண்டும். குஞ்சுப் பருவத்திலேயே அந்தப் பழக்கம் தொடங்கிவிடும். ஆகவே அவற்றால் ஒளிந்தே இருக்க முடியாது. மேலே வந்தால் கொக்கு இருக்கிறது, மீன்கொத்தி இருக்கிறது. கீழே மற்ற மீன்கள்.

அந்தச் சிவப்புக் கூட்டத்துக்கு அடியில் கருத்த உருவங்கள் இரண்டு அசையாமல் நிற்கும். தாயும் தகப்பனும். கூட்டம் நகர்ந்தால் அவையும் நகரும். தவளையோ பாம்போ கிட்டே வந்தால் தண்ணீர் ஒருமுறை வெடித்துத் தெறிக்கும். ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தூண்டிலில் தவளையைக் கோத்துக் குஞ்சுகளுக்கு நடுவே ஆட்டினால் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, காவலுக்கு. குஞ்சோடு இருக்கிற விராலை அடிக்கலாமா என்று ஒருமுறை ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அடிக்கலாம் வாத்தியாரே, சுளுவா மாட்டும். ஆனா அத்தோட அந்தக் கூட்டமே போச்சு. பொழுது சாயறதுக்குள்ள கெளுத்தி, கெண்டை எல்லாம் சேந்து துன்னுடும்" என்றார். குஞ்சு எத்தனை இருக்கும் என்றேன். "ஆயிரம் இருக்கும். ஏரி வத்தறப்ப கைக்கு வர்றது பத்து."

உயிரியலில் மக்கள்தொகைச் சூழலியல் என்ற துறை எழுப்பும் கேள்வி இதுதான்: ஆயிரத்தில் எத்தனை, எந்த வயதுவரை? பிறந்த ஆயிரம் பேரை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும். உயிர்வாழ்வுக் கோடு என்று சொல்லலாம். அந்தக் கோடு எல்லா உயிர்களுக்கும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிறது. ஆயிரத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியாத இனம் கிடையாது. நடுவில் அது எப்படி இறங்குகிறது என்பதில்தான் ஓர் உயிரின் மொத்த வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது: எத்தனை பெறுவது, எந்த வயதில் பெறுவது, பெற்றதோடு விட்டுவிடுவதா, காவலுக்கு நிற்பதா.

முதலில் இப்படிக் கணக்குப் போடப்பட்டது மனிதர்களுக்குத்தான். லண்டனில் துணிமணி வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜான் கிரான்ட், நகரத்தில் வாரந்தோறும் அச்சிடப்பட்ட சாவுப் பட்டியல்களைத் திரட்டி 1662-இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பிறந்த 100 பேரில் 6 வயதில் மிஞ்சுவோர் 64, 16 வயதில் 40, 26-இல் 25, 36-இல் 16, 46-இல் 10, 56-இல் 6, 66-இல் 3, 76-இல் ஒருவர். பாதிக்குமேல் ஊகம்தான். இருந்தாலும் ஓர் ஊரின் துக்கத்தை எண்ணாக ஒழுங்குபடுத்தி முன்னால் வைத்த முதல் பட்டியல் அது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இன்றும் வைத்திருக்கும் அட்டவணைகளுக்கு அதுவே முன்னோடி.

இருபதாம் நூற்றாண்டில் ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்கர் பழ ஈக்களைக் குப்பிகளில் வளர்த்து அதே கணக்கைப் போட்டார். 1947-இல் எட்வர்ட் டீவி என்ற சூழலியலாளர் காட்டு விலங்குகளுக்கு அதை விரித்தார். அலாஸ்காவின் மலைகளில் அடால்ஃப் மியூரி பொறுக்கிச் சேர்த்திருந்த 608 காட்டாட்டு மண்டையோடுகள் அவருக்குக் கிடைத்தன. கொம்பின் வளையங்களை எண்ணி ஒவ்வொன்றும் செத்த வயதைச் சொல்லிவிடலாம். எலும்புகளிலிருந்து ஓர் ஆயுள் அட்டவணை எழுந்தது.

டீவியின் கட்டுரைக்குப் பின் மூன்று வடிவங்கள் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டன. முதலாவதில் கோடு நெடுந்தூரம் மட்டமாகப் போய் முதுமையில் சட்டென்று விழுகிறது: யானை, இன்றைய மனிதர். இரண்டாவது, மடக்கை அளவில் வரைந்தால் சரிவான நேர்கோடு. எந்த வயதானாலும் ஆண்டுக்கு இத்தனை பங்கு சாவு என்ற கணக்கு. வளர்ந்த பறவைகள் பலவும் இப்படி. மூன்றாவதில் தொடக்கத்திலேயே செங்குத்தான வீழ்ச்சி, அதைத் தாண்டிய சிலருக்கு நீண்ட ஆயுள்: மீன், தவளை, ஆமை, பெரும்பாலான மரங்கள்.

தன் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் நிற்கிற எந்த இனத்திலும் ஒரு ஜோடி தன் ஆயுளில் விட்டுச்செல்வது சராசரியாக இரண்டே இரண்டு. யானைக்கும் இரண்டு, எறும்புத்தின்னிக்கும் இரண்டு, லட்சக்கணக்கில் முட்டையிடும் கெண்டைக்கும் இரண்டு. இதை முதன்முதலாக உணர்ந்தபோது எனக்குள் ஏதோ ஆடிப்போனது. பெருக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெருக்கமே அல்ல. லட்சம் முட்டை என்பது லட்சம் சாவுக்கு முன்கூட்டியே கட்டிவைத்த தொகை.

நம் ஏரிகளில் விடப்படும் ரோகுவை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மீனின் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 லட்சம் முட்டை. ஓடும் ஆற்று வெள்ளத்தில்தான் அது இயற்கையாக முட்டையிடும், தேங்கிய ஏரியில் இடாது. 1957 ஜூலையில் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு இந்தியப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். இன்று நம்மூர் ஏரிகள் குத்தகைக்குப் போவதும், பிளாஸ்டிக் பைகளில் ஆக்சிஜன் நிரப்பி விரலிகள் வந்து இறங்குவதும் அந்த ஊசியிலிருந்து தொடங்கியவை. குத்தகைக்காரர்கள் நுண்குஞ்சாக வாங்காமல் விரல் நீளம் வளர்ந்ததை வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டின் செங்குத்தான பகுதியைப் பண்ணையின் நாற்றங்கால் குளத்திலேயே கடக்க வைத்துவிட்டு, மட்டமாகும் இடத்தில் மீனை ஏரிக்குள் விடுகிறார்கள். டீவியைப் படித்தவர்கள் அல்ல அவர்கள். எந்த வயதில் விட்டால் எத்தனை நிற்கும் என்பது கைப்பணம் போட்டுக் கற்ற அறிவு.

1967-இல் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளின் உயிரியலைப் பற்றி எழுதிய நூலில் இருவகைத் தெரிவுகளைப் பேசினார்கள். இடம் காலியாக இருக்கும்போது வேகமாகப் பெருகுவதே வெற்றி. இடம் நிறைந்துவிட்டால் குறைவாகப் பெற்று நன்றாக வளர்ப்பது வெற்றி. சமன்பாட்டு எழுத்துகளை வைத்து முதலாவதற்கு ஆர் என்றும் இரண்டாவதற்குக் கே என்றும் பெயர். 1970-இல் எரிக் பியங்கா இதை இரண்டு பத்தி அட்டவணையாக்கினார். ஒரு பக்கம் சிறிய உடல், குறுகிய ஆயுள், ஏராளமான குஞ்சு; மறுபக்கம் பெரிய உடல், நீண்ட ஆயுள், சில குஞ்சு, நிறைய பராமரிப்பு. மனப்பாடம் செய்ய வசதியான அட்டவணை. நானும் பல ஆண்டு அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

ஆனால் நம் ஏரியில் அந்த அட்டவணை நிற்காது. ஜிலேபி என்று சந்தையில் விற்கிற திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது ஒரு முறை இடுவது சில நூறு முட்டைகள்தான். ரோகுவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. தாய் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொள்கிறது. மூன்று வாரம் அளவில் இரை தேடாமல் வாயிலேயே வைத்துக் காக்கிறது. பொரித்த குஞ்சுகள் வெளியே போய் மேய்ந்துவிட்டு ஆபத்து வந்தால் அம்மாவின் வாய்க்குள் ஓடிவந்துவிடுகின்றன. சில முட்டை, உச்சபட்சப் பராமரிப்பு. அட்டவணைப்படி அது மெல்லப் பெருகும் இனமாக இருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு ஏரிகளையும் குளங்களையும் நிறைத்து, உள்ளூர்க் கெண்டைகளை ஓரங்கட்டியது அதுதான். இரண்டு மூன்று மாதத்திலேயே அது பருவத்துக்கு வந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் முட்டையிடுகிறது. எத்தனை பெற்றது என்பதைவிட, பெற்றதில் எத்தனை நின்றது, நின்றது எவ்வளவு சீக்கிரம் பெற்றது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஆர், கே அட்டவணையைப் பெரும்பாலும் கைவிட்டு, வயதுவாரியாகச் சாவு எங்கே விழுகிறது என்பதையே பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான்.

நம் ஏரியில் சாவு எங்கே விழுகிறது? கோடையில். விஜயநகர காலத்தில் லட்சுமிகுமார தாதாச்சாரியார் வெட்டுவித்து அவர் பெயரால் தாதசமுத்திரம் என்று வழங்கிய ஏரி இது. சமுத்திரம் என்று பெயர் வைத்தாலும் மழையை நம்பிய ஏரி. ஐப்பசியில் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும், நல்ல வருடத்தில் கலங்கல் போகும், வைகாசிக்குள் நடு ஏரியில் ஆடு மேயும். இந்த ஆண்டு தண்ணீர் வருமா, வந்தால் எத்தனை மாதம் நிற்கும் என்பது எந்த மீனுக்கும் தவளைக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையோடு ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு விதமாக உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறது. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து காற்றைக் குடித்துக் காத்திருக்கும். பெருந்தவளை முதல் மழையிலேயே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குட்டை காய்ந்தால் அத்தனையும் போகும். சேற்றில் காய்ந்து கிடக்கும் சிற்றிறால்களின் முட்டைகளும் கோரை விதைகளும் இன்னொரு வழி வைத்திருக்கின்றன: ஒரே மழைக்கு எல்லாம் முளைப்பதில்லை. ஒரு பங்கு இந்த ஆண்டு, ஒரு பங்கு அடுத்த ஆண்டு, மிச்சம் மண்ணிலேயே. ஏமாற்று மழைக்கு முளைத்தவை கருகினாலும் வம்சம் மண்ணுக்குள் இருக்கும். பாலைவனத்துச் செடிகளை வைத்து டான் கோஹன் 1966-இல் இதைக் கணிதமாக எழுதினார். மழை பொய்க்கும் வாய்ப்பு எவ்வளவோ அதற்கேற்ற பங்கு விதை முளைக்காமல் உறங்குவதே லாபம் என்று அந்தக் கணிதம் காட்டியது. நம் மானாவாரி விவசாயி விதைநெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி இறைக்காததும் இதே அறிவுதான்.

கோட்டின் வடிவம் தெரியாமல் ஓர் இனத்தைக் காப்பாற்றப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட வருகின்றன; ஒரு குழிக்கு நூற்றுச் சொச்சம் முட்டை. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மனதை நிறைக்கும் வேலை, அவர்களை வணங்குகிறேன். ஆனால் 2025 ஜனவரியில் அதே கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. 1987-இல் டெபோரா கிரௌஸும் அவருடைய சகாக்களும் அமெரிக்கக் கரையின் பெருந்தலை ஆமைகளுக்கு வயதுவாரிக் கணக்குப் போட்டார்கள். முட்டை ஒன்றுகூட வீணாகாமல் காத்தாலும் அந்த இனத்தின் சரிவு நிற்காது. வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய ஆமைகளின் சாவைக் குறைத்தால் நிற்கும். வலையிலிருந்து ஆமை வெளியேறும் கருவியைக் கட்டாயமாக்க அந்தக் கணக்கு உதவியது. பருவத்துக்கு வந்த ஓர் ஆமை, ஆயிரம் சாவுகளைத் தாண்டி வந்து சேர்ந்த ஒன்று. அதற்கு ஈடாக நூறு குஞ்சை விட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது.

பனைக்கும் இதே கதை. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை நடப்போம் என்றது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. முதல் அறிவிப்புக்குத்தான் கொண்டாட்டம். அதன் பிறகு ஏரிக்கரைகளில் பனங்கொட்டை நடும் படங்கள் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கின்றன. நட்ட விதையில் பெரும்பகுதி ஆட்டுக்கும் கோடைக்கும் போகும். பிழைத்தது பாளை விட 15 ஆண்டுக்கு மேல் ஆகும். விட்டபின் மூன்று தலைமுறைக்கு நிற்கும். செங்கல் சூளைக்குப் போகிற ஒரு நெடும்பனை எத்தனை ஆயிரம் கொட்டைகளுக்குச் சமம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது அறிவிப்புதான் பனையைக் காக்கும். அதை அமலாக்குவதுதான் கடினம்.

மீனுக்கும் ஆமைக்கும் மரத்துக்கும் போட்ட கோட்டை மனிதர்களுக்குப் போடும்போது கை தயங்குகிறது. தயங்கத்தான் வேண்டும். இருந்தாலும் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகில் எந்த உயிரின் கோடும் இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி வளைந்ததில்லை.

முதலில், சராசரி ஆயுள் என்ற எண் செய்யும் மயக்கம். 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 20 ஆண்டு அளவுக்கு இறங்கியிருந்தது. இன்ஃப்ளூயன்சா கோடிக்கணக்கில் கொண்டுபோன பத்தாண்டு அது. இந்த எண்ணைக் கேட்டதும் அந்தக் காலத்து மனிதர்கள் இருபது வயதில் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுச் சாசனம், வாரியத்துக்குக் குடவோலை இடப்படுகிறவர் 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஏரி வாரியத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 6 பேர் வேண்டும். எழுபதைத் தொடுகிறவர்கள் ஊரில் தாராளமாக இருந்திருந்தால் அல்லவா எழுபதுக்கு மேல் வேண்டாம் என்று கல்லில் வெட்டியிருப்பார்கள்? சாவு நடுவயதில் குவிந்திருக்கவில்லை. தொட்டிலைச் சுற்றிக் குவிந்திருந்தது. ஐந்து வயதைத் தாண்டியவர் பேரன் எடுப்பது அரிதல்ல, தாண்டுவதுதான் கடினம். சராசரி இந்த இரண்டையும் கலந்து, யாருடைய ஆயுளும் அல்லாத ஓர் எண்ணைத் தருகிறது.

அந்தக் குழந்தைகளின் சாவுக்கு எலும்புகூட இல்லை. பெரியவர்களை எரிப்பவர்களும் சிறு குழந்தையைப் புதைத்தார்கள், அடையாளக்கல் வைக்காமல். டீவிக்கு மண்டையோடுகள் கிடைத்தன. நம் ஊருக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது. பெயர்கள் மட்டும் இருக்கின்றன. குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், மூக்கன், மூக்கம்மாள். எழுபது தாண்டியவர்களின் வாக்காளர் பட்டியலில் இந்தப் பெயர்கள் இன்னும் இருக்கும். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுப்பார்கள். அண்டை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். ஆண் குழந்தைக்கு மூக்கு குத்துவார்கள். இது வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது என்று எமனை நம்பவைக்க.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியேஸ் 1960-இல், குழந்தைகள் அவ்வளவு சாகும் காலத்தில் பெற்றோர் அவர்கள்மேல் பெரிதாகப் பற்று வைத்திருக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அதை மறுத்தார்கள். நம்மூரிலும் படித்தவர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள்: "அந்தக் காலத்துல பத்துப் பெத்தாங்க, நாலு போனா என்ன." உயிரியல் படித்தவர்கள் இதற்கு உத்தி என்றுகூடப் பெயர் கொடுத்துவிடுவார்கள். இதை நான் முழு மனதோடு மறுக்கிறேன். உத்தி என்பது ஆயிரம் தலைமுறையை ஒன்றாக வைத்துப் பார்க்கிறவர் சொல்லும் சொல். அந்தக் குப்பைமேட்டுக்கு முன்னால் நின்ற தாய்க்கு உத்தி எதுவும் கிடையாது, அந்தக் குழந்தை மட்டும்தான். நாலு போனாலும் பரவாயில்லை என்று நினைத்தவள் எதற்கு ஐந்தாவதைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கப் போகிறாள்? இந்தப் பெயர்களைச் சுமந்த ஒவ்வொருவரும், தனக்கு முன்னால் பிறந்து பெயர்கூட நிலைக்காமல் போன அண்ணன்களுக்கும் அக்காள்களுக்கும் நடமாடும் நினைவுக்கல்.

கோடு எப்படி வளைந்தது? பெரும் மருத்துவமனைகளால் அல்ல. தொப்புள்கொடியைக் கதிர் அரிவாளால் அறுத்த இடத்தில் சுட்ட பிளேடு வந்தது. கர்ப்பிணிக்கு ரணஜன்னி ஊசி வந்தது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை ஒழித்துவிட்டதாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது. கக்குவான், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளைவாதம், தட்டம்மை ஆகியவற்றுக்கு 1978-இல் தொடங்கி 1985-இல் விரிந்த தடுப்பூசித் திட்டம் வந்தது. பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல். 1971 வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் அதைக் கலந்து வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்குக் கீழே இறங்கியது. நம் ஊர்களில் அந்தக் கரைசலுக்கான பொட்டலத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள், சைக்கிளிலும் நடந்தும். மாந்தம், செய்வினை, கண்ணேறு என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சின்னப் பொருட்களுக்கு அடங்கிப்போனது. கிராமத்துப் பெண் படிக்கப் போனதும், சத்துணவும், குழாயில் குடிநீர் வந்ததும் சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 113. 2020-இல் 13. ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி அதே 2020-இல் 1.4. இரண்டாவது எண்ணுக்காக இப்போது கவலைப்படுகிறார்கள்: பள்ளிகள் காலியாகின்றன, முதியோர் கூடுகிறார்கள், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும். கவலைக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் முதல் எண்ணைப் பேசாமல் இரண்டாவதை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் எண் இறங்கிய நம்பிக்கையில்தான் இரண்டாவது இறங்கியது. நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் ஒன்றோடு நிறுத்தும் தைரியம் வந்தது.

பதிவேடு இல்லாத ஊர்களின் கோட்டை எப்படி வரைவது என்பதற்கு ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிராஸ் 1960-களில் ஒரு வழி கண்டுபிடித்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்தவர். அவர் செய்தது, தாய்மாரிடம் கேட்பது. பெற்றது எத்தனை, இப்போது இருப்பது எத்தனை. இந்த இரண்டு எண்களையும் தாயின் வயதையும் வைத்து, எந்த வயதுக்குள் எத்தனை பங்கு குழந்தைகள் இறந்திருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். இருபது முதல் இருபத்துநாலு வயதுவரையுள்ள தாய்மாரின் பதிலிலிருந்து இரண்டு வயதுக்குள் நேரும் சாவு. முப்பது முதல் முப்பத்துநாலு வரையுள்ளோரின் பதிலிலிருந்து ஐந்து வயதுக்குள் நேரும் சாவு. எந்த அலுவலகமும் எழுதிவைக்காத ஆயுள் அட்டவணையை அம்மாக்கள் மனதில் வைத்திருந்தார்கள், கேட்க ஆள் வந்தபோது சொன்னார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கிறது.

2011 கணக்கெடுப்பில் ஆசிரியர்களுக்கு வந்த பணியில் நானும் வீடுவீடாகப் போனேன். கிழவிகளிடம் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்கவே தேவையிருக்கவில்லை. "பெத்தது ஒம்போது, தங்கினது நாலு" என்று ஒரே மூச்சில் வந்துவிடும். பிறகு, நான் கேட்காமலே, மூத்தது அம்மையில், மூன்றாவது பேதியில், அதற்கடுத்தது பேர் வைக்கும் முன்னாலேயே என்று வரிசையாகச் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் போன குழந்தையின் நிறம்கூடச் சொன்னவர்கள் உண்டு. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் திண்ணையில் இருந்தார்கள். மாமியார் ஏழு, மூன்று என்றார். மருமகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பெற்றது எத்தனைம்மா என்றேன். ஒண்ணு என்றாள். இப்ப இருக்கறது எத்தனை என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு என்னைக் கோபமாகப் பார்த்தாள். "இன்னா சார் கேள்வி இது? ஒண்ணு பெத்தா ஒண்ணுதானே இருக்கும்?"